வெளி மாநிலப் படிப்பு: எப்போது ஈடாகும், எப்போது சுமையாகும்?

வெளி மாநிலத்தில் பிள்ளையைப் படிக்க வைத்தால் செலவுக்குத் தகுந்த பலன் கிடைக்குமா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. பிள்ளை எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். நுழைவுத் தேர்வு எழுதி மத்திய அரசு நிறுவனத்தில் சேரும் மாணவர் புதுக்கோட்டையிலிருந்து போனாலும் பாட்னாவிலிருந்து போனாலும் கட்டணம் ஒன்றுதான். ஏஜெண்ட் பிடித்துப் பக்கத்து மாநிலத் தனியார் கல்லூரியில் இடம் வாங்கும் மாணவரோ, அந்த மாநிலத்துப் பிள்ளைகள் கட்டுவதைப்போலப் பல மடங்கு கட்ட நேரிடும். இரண்டும் ஊர்ப் பேச்சில் ‘வெளி மாநிலப் படிப்பு’தான். ஆனால் ஒன்று குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும். மற்றொன்று குடும்பத்தின் நிலபுலனைக் கரைக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த வேறுபாட்டை அறிந்து முடிவெடுப்பது மிகவும் அவசியம். மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால்தான் வயல் விளையும். கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரி, கீரமங்கலம் பக்கம் பூவும் தென்னையும், கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாபட்டினத்திலும் கடல் தொழில், ஊருக்கு ஊர் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் பணம் என்று பிழைப்பு ஓடுகிறது. இவற்றில் எதுவும் நிலையான வருமானமல்ல. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் ஒரே இரவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, பல ஆண்டு வருமானம் சேர்ந்தே சாய்ந்தது. வருமானம் ஏறி இறங்கும். கல்லூரிக் கட்டணம் இறங்காது. ஆகவே, கட்டத் தொடங்குமுன் முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

வெளியூர்க்காரருக்குத் தனிக் கட்டணம் ஏன்?

அரசுக் கல்லூரி மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. அந்த வரியைக் கட்டியவர்களின் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணம், மற்றவர்களுக்குக் கூடுதல் கட்டணம் என்பதே உலகெங்கும் சொல்லப்படும் நியாயம். அமெரிக்காவில் இது வெளிப்படையான நடைமுறை. அங்கே 2024-25 கல்வியாண்டில் அரசுப் பல்கலைக்கழகங்களின் சராசரிக் கட்டணம் சொந்த மாநில மாணவருக்கு 11,610 டாலர்; வெளி மாநில மாணவருக்கு 30,780 டாலர்.

இந்தியாவில் இந்த வழக்கு குடியரசு பிறந்த சில ஆண்டுகளிலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இந்தூரில் இருந்த மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரி, மத்திய பாரத மாநிலத்தைச் சேராத மாணவர்களிடம் மட்டும் தனியாக ஒரு தொகை வசூலித்தது. அதை எதிர்த்து டி.பி. ஜோஷி தொடுத்த வழக்கில் 1955-ல் வந்த பெரும்பான்மைத் தீர்ப்பு வசூலை அனுமதித்தது. பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதுதான் அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது, வசிக்கும் இடத்தை வைத்துக் கட்டணத்தில் சலுகை தருவது அப்படிப்பட்டதல்ல என்றது நீதிமன்றம். படித்து முடித்தவர் அந்த மாநிலத்திலேயே தங்கி மருத்துவம் பார்ப்பார் என்று ஓர் அரசு எதிர்பார்ப்பதும் நியாயமே என்றது.

அடுத்த பெரிய வழக்கு 1992-ல் முடிந்த மோகினி ஜெயின் வழக்கு. கர்நாடக அரசு 1989-ல் வெளியிட்ட அறிவிக்கை, தனியார் மருத்துவக் கல்லூரிகளில் மூன்று விலையை நிர்ணயித்திருந்தது. அரசு ஒதுக்கீட்டு மாணவருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், ஒதுக்கீட்டுக்கு வெளியே சேரும் கர்நாடக மாணவருக்கு 25,000 ரூபாய், வெளி மாநில மாணவருக்கு 60,000 ரூபாய். உத்தரப் பிரதேசத்தின் மீரட்டிலிருந்து தும்கூர் கல்லூரிக்கு வந்த மாணவி இதை எதிர்த்தார். இத்தகைய வசூல் கேபிடேஷன் கட்டணமே, கல்வியை விற்பதற்குச் சமமே என்று நீதிமன்றம் அடித்துச் சொன்னது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கும் 2002-ல் டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கும் சட்டத்தை மீண்டும் மாற்றி எழுதின. இன்று பல மாநிலங்களில் கட்டண நிர்ணயக் குழுக்கள் தனியார் தொழிற்கல்லூரிகளின் கட்டணத்தை வரையறுக்கின்றன. ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் தாங்களே கட்டணத்தை வைத்துக்கொள்கின்றன. வெளி மாநிலக் குடும்பங்களின் பணம் அதிகமாகப் போய்ச் சேருவது இங்கேதான்.

நான்கு வாசல்கள்

முதல் வாசல், மத்திய அரசு நிறுவனங்கள். ஐஐடியில் பி.டெக். கற்பிப்புக் கட்டணம் 2016 முதல் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், என்ஐடியில் 1.25 லட்சம். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இது முழுவதும் விலக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் முழு விலக்கு. 5 லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற இடங்களில் எம்பிபிஎஸ் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களைத் தாண்டாது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்கள் கியூட் தேர்வு வழியாக இளநிலை மாணவர்களைச் சேர்க்கின்றன. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இந்த வாசலில் ‘வெளி மாநிலத்தவர்’ என்று தனிக் கட்டணம் கிடையாது.

இரண்டாம் வாசல், மற்ற மாநில அரசுக் கல்லூரிகளில் உள்ள அகில இந்திய ஒதுக்கீடு. நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்பிபிஎஸ் இடங்களில் 15 விழுக்காடு இதற்கு உரியவை. கட்டணம் குறைவு. ஆனால் சில மாநிலங்களில் படிப்பு முடிந்ததும் கட்டாயப் பணி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் லட்சக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். அந்த ‘பாண்ட்’ விதியைச் சேரும் முன்பே படித்தாக வேண்டும்.

மூன்றாம் வாசல், அந்தந்த மாநிலத்தின் சொந்த இடங்கள். இவற்றுக்கு வசிப்பிடச் சான்று கேட்பார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அநேகமாகக் கதவு அடைத்திருக்கும். நான்காம் வாசல்தான் தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீடும் நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களும். இங்கே யாரும் சேரலாம். பணம் மட்டும் இருக்க வேண்டும். மருத்துவத்தில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வாங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உள்ளன.

வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

வெளியே போவது ஈடாகுமா என்று பார்க்க, உள்ளே இருப்பதை முதலில் எண்ண வேண்டும். புதுக்கோட்டை நகரின் மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி 1880-லிருந்து நடக்கிறது. பெண்களுக்குக் கலைஞர் கருணாநிதி அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. 2017-ல் 150 இடங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரியும், 2023-ல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் வந்தன. குடுமியான்மலையில் வேளாண் கல்லூரியும் அறந்தாங்கியில் அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. அரசுக் கலைக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணமே கிடையாது. மற்றக் கட்டணங்களையும் சேர்த்தால் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் கிராமத்துப் பெண்ணுக்குப் போக்குவரத்துச் செலவும் குறைந்திருக்கிறது.

ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வட்டம் இன்னும் விரிகிறது. துவாக்குடியில் 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003-ல் என்ஐடியான திருச்சி என்ஐடி, நாட்டின் என்ஐடிகளில் தொடர்ந்து முதல் இடத்தில் வைத்து எண்ணப்படுகிறது. திருச்சி – புதுக்கோட்டை சாலையிலேயே இந்திய மேலாண்மைக் கழகம் இருக்கிறது. சேதுராப்பட்டியில் ஐஐஐடியும் அரசு பொறியியல் கல்லூரியும், நவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும், திருச்சி நகரில் அரசு சட்டக் கல்லூரியும் இருக்கின்றன. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும், அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியும், மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி; இன்னும் சற்றுத் தொலைவில் திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம். பெங்களூருவுக்கு இரவுப் பேருந்து ஏற்றிவிடுவதற்கு முன்பு, அதே பட்டத்தை இந்த வட்டத்துக்குள் படிக்க முடியுமா என்று பார்ப்பது முதல் வேலை.

திருச்சி என்ஐடியில் இன்னொரு சேதி ஒளிந்திருக்கிறது. என்ஐடிகளில் பாதி இடங்கள் சொந்த மாநில மாணவருக்கு. சொந்த மாநிலம் எது என்பதைத் தீர்மானிப்பது பிறந்த ஊரோ பெற்றோரின் முகவரியோ அல்ல; முதன்முதலில் பிளஸ் டூ தேர்ச்சி பெற்ற மாநிலம்தான். ஜேஇஇ பயிற்சிக்காகப் பதினோராம் வகுப்பிலேயே ஆந்திரத்துக்கோ ராஜஸ்தானின் கோட்டாவுக்கோ அனுப்பி, அங்கேயே பிளஸ் டூ தேர்வும் எழுத வைத்தால், அந்தப் பிள்ளை திருச்சி என்ஐடியில் வெளி மாநிலத்தவராகி விடும். வாசலில் இருக்கும் நிறுவனத்தில் உரிமை போய்விடும். பயிற்சிக்கு எங்கே அனுப்பினாலும், பிளஸ் டூவை எங்கே எழுதுவது என்பது தனியாக யோசிக்க வேண்டிய முடிவு.

எல்லை தாண்டினால் விட்டுப்போகும் சலுகைகள்

வெளி மாநிலப் படிப்பின் விலை அங்கே கட்டும் பணம் மட்டுமல்ல. இங்கே கிடைக்காமல் போகும் பணமும் சேர்ந்ததுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லிருந்தும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021-லிருந்தும் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதன் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேரும்போது கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்தும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவை தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சேருபவர்களுக்காக வகுக்கப்பட்டவை. பெங்களூரு தனியார் கல்லூரிக்குப் பின்தொடர்ந்து வராது.

இட ஒதுக்கீட்டிலும் மாற்றம் உண்டு. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இங்கே மட்டும்தான். பிற மாநிலத்தின் சொந்த இடங்களில் தமிழ்நாட்டுப் பிள்ளை பொதுப் பிரிவுதான். மத்திய நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. அதற்கு மத்தியப் பட்டியலில் சாதி இருக்க வேண்டும். கிரீமி லேயர் வரம்புக்குள் குடும்ப வருமானம் இருக்க வேண்டும். அதற்கென்று தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் வழக்கமாக வாங்கும் சாதிச் சான்று அங்கே போதாது. விண்ணப்பம் போடும் காலத்துக்கு முன்பே அந்தச் சான்றை வாங்கி வைப்பது நல்லது.

அரசு வேலையை நினைத்துப் படிப்பவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 2010-லிருந்து 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் வந்த திருத்தத்தின்படி, முதல் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். பட்டப்படிப்பு தகுதியாக உள்ள டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குத் தயாராக நினைக்கும் கிராமத்து மாணவர், உள்ளூர் அரசுக் கல்லூரியின் தமிழ் வழிப் பிரிவை விட்டுவிட்டு வெளி மாநிலத்தில் பட்டம் வாங்கினால், பன்னிரண்டு ஆண்டு தமிழ் வழிப் படிப்பால் வந்த முன்னுரிமையை அந்தப் பணிகளுக்கு இழந்துவிடுவார்.

அதேநேரம், எல்லை தாண்டியும் கூட வரும் உதவிகள் உண்டு. ஐஐடி, ஐஐஎம், என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் படிக்கும் தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து ஐஐடி, ஐஐஎஸ்சி, எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் சேருபவர்களின் இளநிலைப் படிப்புச் செலவை முழுவதும் அரசே ஏற்கும் என்று 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை சொந்த மாநிலத்தின் வழியாக வெளி மாநிலத்திலும் கிடைக்கும். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை. இதில் அரசு சொல்லாமல் சொல்வது தெளிவு: தகுதியால் நுழையும் வாசலுக்கு உதவி உண்டு, பணத்தால் நுழையும் வாசலுக்கு இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கீரமங்கலம் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் மகள் பொறியியல் படிக்க நினைப்பதாக எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். திருச்சியில் சுயநிதிக் கல்லூரி, கலந்தாய்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால், 2017-ல் நிர்ணயித்த கட்டணப்படி தரச்சான்று பெற்ற படிப்புக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய். முதல் பட்டதாரிச் சலுகையாக 25,000 போனால் 30,000. பேருந்து, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 என்று வைத்தாலும், நான்கு ஆண்டுக்கு 2.8 லட்சம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காட்டில் சேர்ந்தால் இதிலும் பெரும்பகுதி மிச்சம்.

அதே பாடத்தை வெளி மாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தில் படிப்பதாக வைத்தால்: கட்டணம் 2.5 லட்சம், விடுதியும் சாப்பாடும் 1 லட்சம், போக்குவரத்தும் கைச்செலவும் 50,000. ஆண்டுக்கு 4 லட்சம். நான்கு ஆண்டுக்கு 16 லட்சம். வித்தியாசம் 13.2 லட்சம்.

இதில் 10 லட்சத்தை வங்கிக் கடனாக, ஆண்டுக்கு 2.5 லட்சம் வீதம், 10 விழுக்காடு வட்டியில் வாங்கினால் என்ன ஆகும்? படிக்கும் நான்கு ஆண்டும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் ஆண்டு வாங்கிய தொகைக்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாம் ஆண்டுத் தொகைக்கு நான்கு ஆண்டு வட்டி என்று கூட்டினால், தனிவட்டியிலேயே 3.5 லட்சம் சேரும். தவணை தொடங்கும் நாளில் கடன் 13.5 லட்சம். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 17,840 ரூபாய். மொத்தம் 21 லட்சத்துக்கு மேல்.

இங்கிருந்துதான் சரியான கேள்வி பிறக்கிறது. வெளி மாநிலப் பட்டம் திருச்சிப் பட்டத்தைவிட மாதம் 18,000 ரூபாய் கூடுதலாக, பத்து ஆண்டுக்குத் தொடர்ந்து சம்பாதித்துத் தருமா? தரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இருந்தால் போகலாம். ‘அங்கே நிறைய கம்பெனி இருக்கு’ என்பது ஆதாரம் ஆகாது. திருச்சியில் படித்தவரும் நாளை அதே பெங்களூருவுக்குத்தான் வேலைக்குப் போகிறார்.

எப்போது போக வேண்டும்?

புதுக்கோட்டையின் மிகப் பெரிய முன்னுதாரணம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் பிறந்த அவர், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்தில் மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்த முதல் மாணவி. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1912-ல் பட்டம் பெற்றார். அன்று புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம், சென்னை ஆங்கிலேயர் ஆண்ட மாகாணம். அவர் எல்லை தாண்டியதற்குக் காரணம் ஒன்றுதான்: மருத்துவப் படிப்பு சமஸ்தானத்தில் இல்லை. உள்ளூரில் கிடைத்ததை உள்ளூரிலேயே முடித்து, கிடைக்காததற்கு மட்டும் வெளியே போனார். பின்னாளில் சட்ட மேலவைக்குள் போனதும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததும் அந்தப் பயணத்தின் பலன்.

இன்றைக்கும் அளவுகோல் அதுவே. இங்கே கிடைக்காத படிப்பு, அல்லது இங்கே கிடைப்பதைவிடத் தெளிவாக உயர்ந்த நிறுவனம், அதுவும் தகுதி அடிப்படையில் கிடைத்தால் தயங்காமல் அனுப்ப வேண்டும். கொல்கத்தாவிலும் பெங்களூருவிலும் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் புள்ளியியல், கணித இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் வாங்காமல், மாதாந்திர உதவித்தொகையும் தருகிறது. மைசூருவின் மண்டலக் கல்வியியல் நிறுவனம் ஆசிரியராக விரும்பும் தென் மாநில மாணவர்களுக்காக 1963-லிருந்து நடக்கிறது, பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டுப் படிப்பு அங்கே உண்டு. கொச்சியின் மத்திய மீன்வளக் கடல்சார் பயிற்சி நிறுவனம், கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மீன்பிடிக் கப்பலின் மாலுமித் துறையில் பட்டம் தருகிறது. திருவனந்தபுரம், திருப்பதியில் உள்ள ஐசர் அறிவியல் கல்வி நிறுவனங்கள், ஐதராபாத், டெல்லியின் மத்தியப் பல்கலைக்கழகங்கள், புதுச்சேரியின் ஜிப்மர் ஆகியவையும் இந்த வகை. இங்கெல்லாம் கட்டணம் பெரிய தடையில்லை. நுழைவுத் தேர்வுதான் தடை. அதைத் தாண்ட பதினோராம் வகுப்பிலிருந்தே தயாராக வேண்டும்.

பணத்தில் அடங்காத பலனும் உண்டு. பல மாநிலப் பிள்ளைகளோடு பழகுவதும், புதிய மொழி கேட்பதும், தனியே நின்று சமாளிப்பதும் ஒரு மாணவரை வளர்க்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. தனிமை, மொழி புரியாத வகுப்பறை, பழகாத சாப்பாடு ஆகியவை முதல் ஆண்டில் பலரைத் தளர வைக்கின்றன. மருத்துவம், செவிலியர் படிப்புகளில் நோயாளி பேசும் மொழி தெரியாமல் வார்டில் நிற்க முடியாது.

எப்போது போகக் கூடாது?

உள்ளூரில் கிடைக்கும் அதே பட்டத்தைப் பல மடங்கு கட்டணத்தில், பெயர் தெரியாத கல்லூரியில், ஏஜெண்ட் சொல் கேட்டு வாங்குவது அநேகமாக எப்போதும் நட்டம். பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலேயே செல்போனுக்கு அழைப்பு வரும். இன்றைக்குள் முன்பணம் கட்டினால் ‘ஸ்காலர்ஷிப்’, நாளைக்கு இடம் இருக்காது என்பார்கள். ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று கல்லூரியிடம் கமிஷன் வாங்குபவர், அந்தக் கல்லூரி வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

செவிலியர், பி.எட்., சட்டம் ஆகிய மூன்று படிப்புகளில் கூடுதல் கவனம் வேண்டும். வகுப்புக்குப் போகாமலே பட்டம் என்று ஆசை காட்டும் வெளி மாநிலக் கல்லூரிகளைப் பற்றி நீதிமன்றங்கள் பலமுறை கண்டித்திருக்கின்றன. செவிலியர் கல்லூரியின் அங்கீகாரம் சரியில்லை என்றால் தமிழ்நாட்டுச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவில்லாத பட்டத்தால் இங்கே மருத்துவமனையில் வேலை பார்க்க முடியாது. சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

கடன் பத்திரத்தில் கையெழுத்து

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துக் குவாரித் தொழிலாளிப் பெண்கள் வரை எழுத்தைக் கொண்டுபோனது; பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள், பெயரெழுதக் கற்றார்கள். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். உயர்கல்வியில் சேரும் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் நாட்டில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு என்பதில் இவர்களுக்கும் பங்குண்டு. இப்போது தேவைப்படும் எழுத்தறிவு, கல்விக் கடன் பத்திரத்தைப் படித்துப் புரிந்து கையெழுத்திடுவது.

வங்கிகளின் பொதுவான நடைமுறையில் 4 லட்சம் வரை அடமானமும் பெற்றோர் பங்குத் தொகையும் கேட்பதில்லை, 7.5 லட்சத்துக்கு மேல் சொத்து அடமானம் கேட்பார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் மேலே உள்ள நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) தகுதி அடிப்படையில் சேருபவர்களுக்கு அடமானமில்லாக் கடன் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரையிலான காலத்துக்கு 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்பாக இருந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் அந்தக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. ஒரு கல்லூரி வித்யாலட்சுமி பட்டியலில் இருக்கிறதா என்பதே அதன் தரத்தை அறிய முதல் சோதனை. வங்கி தராத கடனை மீட்டர் வட்டிக்கு வாங்கியோ, நிலத்தை எழுதிக் கொடுத்தோ, நகையை விற்றோ கட்ட வேண்டிய கல்லூரி என்றால், அந்தக் கல்லூரி வேண்டாம்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

• தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்-க்குக் கல்லூரி தந்த அறிக்கை. எத்தனை பேர் வெளி மாநிலத்தவர், எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் நடுத்தரச் சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்கும். விளம்பரப் பலகையில் இருப்பது ஒருவருக்குக் கிடைத்த உச்சச் சம்பளம். குடும்பக் கணக்குக்குத் தேவை நடுத்தரச் சம்பளம்.

• அங்கீகாரம். பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. மருத்துவம், செவிலியர், சட்டம், ஆசிரியர் பயிற்சிக்கு அந்தந்தத் துறை ஆணையத்தின் ஒப்புதலையும் பார்க்க வேண்டும்.

• முதல் ஆண்டுக்கு மட்டுமல்ல, கடைசி ஆண்டு வரையிலான கட்டணமும் எழுத்தில் வேண்டும். விடுதி, சீருடை, தேர்வு, ‘டெபாசிட்’ எல்லாம் சேர்த்து.

• சான்றிதழ். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும்.

• திரும்பப் பெறும் உரிமை. அதே அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் நீங்கலாக முழுக் கட்டணம், அதற்குப் பின் கடைசி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு, கடந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50 என்று திருப்பித் தர வேண்டும்.

• ரசீது. ஏஜெண்ட் கையில் பணம் கொடுக்காமல், கல்லூரியின் வங்கிக் கணக்கில் மட்டுமே கட்ட வேண்டும்.

முடிவெடுக்கும் வரிசை

குடும்பங்கள் பெரும்பாலும் கல்லூரியை முதலில் பிடித்துவிட்டு, பணத்தை அப்புறம் தேடுகின்றன. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் படிப்பு, பிறகு அந்தப் படிப்பு வீட்டு வட்டத்துக்குள் எங்கே கிடைக்கிறது என்ற பட்டியல், பிறகு வெளியே தகுதியால் கிடைக்கக்கூடிய இடங்கள், கடைசியாகத்தான் பணம் கொடுத்துச் சேரும் இடங்கள். தமிழ்நாட்டுக் கலந்தாய்வு முடியும் வரை தனியார் முன்பணம் எதையும் கட்டாமல் இருக்க முடிந்தால், பாதி நட்டம் தவிர்ந்துவிடும். மனத்துக்குப் பிடித்த பாடம் முதல் சுற்றில் கிடைக்காவிட்டால் மாற்று வழியும் உண்டு. சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டத்தை ஊரிலிருந்தபடியே உள்ளூர்க் கல்லூரிப் பட்டத்தோடு சேர்த்துப் படிக்கலாம். இளநிலையை இங்கே குறைந்த செலவில் முடித்து, முதுநிலைக்கு நுழைவுத் தேர்வு எழுதி மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போவது புதுக்கோட்டைக் குடும்பங்களின் வருமானத்துக்கு மிகவும் பொருந்தும் பாதை.

பள்ளிகளுக்கும் இதில் கடமை இருக்கிறது. தமிழ்நாடு அரசின் நான் முதல்வன், கல்லூரிக் கனவு வழிகாட்டல் நிகழ்ச்சிகள் பிளஸ் டூ முடித்தவர்களைச் சென்றடைகின்றன. ஆனால் மத்திய நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு, மத்தியப் பிற்படுத்தப்பட்டோர் சான்று, பிளஸ் டூ எழுதும் மாநிலம் ஆகியவை பத்தாம் வகுப்பு முடியும்போதே தெரிந்திருக்க வேண்டிய செய்திகள். ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்கு இந்தப் பொறுப்பைத் தந்து, பெற்றோரை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினால், ஏஜெண்டின் அழைப்பு வரும் நாளில் குடும்பம் தயாராக இருக்கும். தகுதியுள்ள பிள்ளை பணமில்லை என்ற அச்சத்தால் ஐஐடியையோ மத்தியப் பல்கலைக்கழகத்தையோ விட்டுவிடுவதும், தேவையில்லாத பட்டத்துக்காக ஒரு குடும்பம் நிலத்தை விற்பதும் ஒரே அறியாமையின் இரண்டு விளைவுகள். இரண்டையும் தடுக்கத் தேவையான விவரங்கள் எல்லாமே பொதுவெளியில், இலவசமாக இருக்கின்றன.